ஃபவுல் இல்லாத ஃபுட்பால்: மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் எப்படி வேலை செய்கிறது

மாரியோ யார் என்று தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேபிள் டிவி வந்த காலத்திலேயே டிவி கேமும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கேசட்டைச் செருகி, படம் வராவிட்டால் கழற்றி வாயால் ஊதித் திரும்பச் செருகி, அந்த மீசைக்காரனைப் பச்சைக் குழாய்க்குள் இறக்கிய கை இங்கே எத்தனையோ உண்டு. அவனுக்கு அது மட்டும்தான் வேலை என்று நினைத்துவிடக் கூடாது. கார் ஓட்டுவான், டென்னிஸ் ஆடுவான், கோல்ஃப் ஆடுவான். 2005 கடைசியில் ஃபுட்பாலுக்கும் வந்தான். அந்த வரிசையின் பெயர் மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ். இதுவரை மூன்று கேம் வந்திருக்கிறது, மூன்றும் நிண்டெண்டோ நிறுவனத்தின் டிவி கேம் கருவிகளில்: 2005இல் கேம்க்யூபில் ஒன்று, 2007இல் வீயில் ஒன்று, அப்புறம் பதினைந்து வருஷம் இடைவெளி விட்டு 2022 ஜூன் 10 அன்று ஸ்விட்சில் 'பேட்டில் லீக்'.

இதைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு நிமிஷத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சும்மா அடிதடி, சின்னப் பசங்க சமாச்சாரம், இதில் ஃபுட்பால் எங்கே இருக்கிறது என்று. நிஜ வீரர்களை வைத்து ஆடுகிற ஃபிஃபா கேம் ஆடுகிறவனுக்குத்தான் ஃபுட்பால் தெரியும் என்றொரு நினைப்பு நம் பசங்களிடம் ரொம்ப நாளாக இருக்கிறது. எனக்கு அது சுத்தமாக ஒப்பவில்லை. இந்த கேமில் அடிதடி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த அடிதடிக்குக் கீழே இருக்கிற கணக்கு மிகவும் கறாரானது. நடுவரை வெளியே அனுப்பிவிட்டு, நடுவர் செய்கிற வேலையை ஆட்டத்துக்குள்ளேயே எப்படி வைப்பது என்பதை யோசித்துச் செய்த கேம் இது. எப்படி என்று பார்ப்போம்.

முதலில் களம். பேட்டில் லீக்கில் ஒரு அணிக்கு ஐந்து பேர். நாலு பேர் ஆடுவார்கள், ஐந்தாவது ஆள் கோல் கீப்பர். கீப்பரை நாம் ஓட்ட முடியாது, கேமே பார்த்துக்கொள்ளும். ஒரு மேட்ச் நாலு நிமிஷம். சமநிலையில் முடிந்தால் கோல்டன் கோல், அதாவது அடுத்து யார் கோல் போடுகிறாரோ அவர் ஜெயித்தார். மைதானத்தைச் சுற்றி மின்சார வேலி. பந்து வெளியே போகாது, அதனால் த்ரோ கிடையாது, கார்னர் கிடையாது. ஆஃப்சைடு கிடையாது. ஃபவுலும் கிடையாது. ஆளைத் தள்ளி வேலியில் மோத வைத்தால் அவர் உடம்பில் ஷாக் ஓடி, கொஞ்ச நேரம் ஆட்டத்துக்கு உதவாமல் கிடப்பார், அப்புறம் எழுந்து வருவார். ஓடும்போது நடுவில் ஆமை ஓடு, வாழைப்பழத் தோல், குண்டு, காளான், நட்சத்திரம் எல்லாம் கைக்கு வரும். மாரியோ கார்ட் ஆடியவர்களுக்கு இவையெல்லாம் பழகிய சாமான்கள்.

என் அண்ணன் பையன் முதல் தடவை கையில் எடுத்ததும் கேட்டான்: "சித்தப்பா, ஃபவுலே இல்லன்னா யாரை வேணா அடிச்சுக்கிட்டே இருக்கலாமா?"

"அடிச்சுப் பாரு."

அடித்தான். பந்து யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் எதிரே வந்த ஆளையெல்லாம் அடித்தான். கொஞ்ச நேரத்தில் எதிரணியிடம் இருந்து ஆமை ஓடும் குண்டும் மாறி மாறி வர, அவன் ஆட்கள் மொத்தமும் தரையில் கிடந்தார்கள். ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. காரணம் இதுதான்: பந்து இல்லாத ஆளை அடித்தால், அடிபட்ட அணிக்கு ஒரு பெட்டி கிடைக்கும். அந்தப் பெட்டியில்தான் ஆமை ஓடும் குண்டும் வருகின்றன. நீங்கள் அடிக்கிற ஒவ்வொரு வீண் அடிக்கும் எதிராளி கையில் ஒரு ஆயுதத்தைக் கொடுக்கிறீர்கள்.

இந்த கேமின் மொத்த சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. நிஜ ஃபுட்பாலில் பந்தில்லாத ஆளைத் தள்ளினால் விசில், ஃப்ரீ கிக், மஞ்சள் அட்டை. ஆட்டம் நிற்கும். இங்கே ஆட்டம் நிற்காது. தடைக்குப் பதிலாக ஒரு விலையை வைத்திருக்கிறார்கள். விலை கொடுக்கத் தயாராக இருந்தால் தாராளமாக அடிக்கலாம். நம் கோலுக்கு நேராக ஓடிக்கொண்டிருக்கிற, இன்னும் பந்து வராத எதிராளியை அடித்துப் படுக்க வைப்பது சில நேரம் லாபம்தான். அவருக்கு ஒரு பெட்டி போனாலும் கோல் தப்பும். எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்பது இப்படி ஆடுகிறவனின் முடிவாகிவிடுகிறது. விதியை மீறுவது, மீறாமல் இருப்பது என்ற கேள்வியே எழவில்லை.

அதே கணக்குதான் ஹைப்பர் ஸ்ட்ரைக்கிலும். கேமின் விளம்பரப் படங்களில் எல்லாம் வருகிற காட்சி இது. மாரியோ உயரே எழும்புவான், பந்து தீப்பிடிக்கும், திரை முழுக்கத் தடித்த மைக்கோடுகளில் வரைந்த மாதிரி ஒரு படம் வெடிக்கும், கோல் விழுந்தால் 2 புள்ளி. இதைப் பார்த்துத்தான் 'ஓவராக இருக்கிறது' என்கிறார்கள். ஆனால் அந்த உதையை அடிப்பதற்கு முன்னால் என்னென்ன நடக்க வேண்டும் என்று பாருங்கள். மைதானத்தில் எங்கேயாவது ஒரு ஒளி உருண்டை வந்து இறங்கும். யார் முதலில் போய் எடுக்கிறாரோ அந்த அணி முழுக்கக் கொஞ்ச நேரத்துக்கு ஒளிரும். அந்த நேரம் முடிவதற்குள் பந்தை எதிராளி பக்கம் கொண்டுபோக வேண்டும். அங்கே யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தைப் பிடித்து, நின்று, ஷாட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது வந்து ஒரு இடி இடித்தால் எல்லாம் போச்சு. இடிக்காமல் விட்டார்கள் என்றால் அப்புறம் ஒரு பட்டை வரும், அதில் ஒரு முள் ஓடும், நிறம் பூசிய சின்ன இடத்தில் அதை நிறுத்த வேண்டும், பிறகு அடுத்த பக்கத்திலும் நிறுத்த வேண்டும். இரண்டையும் சரியாக நிறுத்தினால் கோல் உறுதி. தவறினால் எதிரணி பட்டனைப் படபடவென்று தட்டிப் பந்தைப் பிடிக்க ஒரு வாய்ப்பு உண்டு.

அதாவது அந்த இரண்டு புள்ளி சும்மா கிடைப்பதில்லை. எட்டுப் பேர் ஓடுகிற நெரிசலான மைதானத்தில் ஒருவனுக்குத் தனியாக நிற்கிற அளவுக்கு இடம் உண்டாக்கித் தர வேண்டும். இடம் உண்டாக்குவது எப்படி? பந்தை இந்தப் பக்கம் கொடுத்து எதிராளிகளை இழுத்து, சட்டென்று அந்தப் பக்கம் மாற்றிக் கொடுப்பது. நிஜ ஃபுட்பாலில் பயிற்சியாளர்கள் தொண்டை வற்றக் கத்துகிற அதே பாடம்தான். வெடிப்பும் தீயும் எல்லாம் அந்தப் பாடத்தைச் செய்து காட்டியதற்குக் கிடைக்கிற பரிசு.

பாஸிலும் ஒரு நுணுக்கம் வைத்திருக்கிறார்கள். பந்து காலுக்கு வருகிற அந்தக் கணத்திலேயே அடுத்த பாஸை அழுத்தினால் பந்து வேகமாகப் போகும். முன்கூட்டியோ தாமதமாகவோ அழுத்தினால் சாதாரணமாகத்தான் போகும். இடிக்க வருகிறவனிடம் இருந்து சரியான நேரத்தில் விலகினால் ஒரு சின்ன வேகம் கூடுதலாகக் கிடைக்கும். சொந்த அணிக்காரனையே இடித்து முன்னால் தூக்கி எறியலாம், அவன் காற்றில் பறந்து போய்ப் பந்தைப் பிடிப்பான். பழகாதவர்களும் ஜெயிக்கலாம்தான், ஆனால் பழகியவர்கள் ஆடுவதைப் பார்த்தால் வேறு விளையாட்டு மாதிரி இருக்கும்: அடியே குறைவாக இருக்கும், பாஸ் டக் டக் என்று போய்க்கொண்டே இருக்கும்.

சரி, இந்த யோசனை எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு வம்சம் உண்டு.

கடைகளில் வைத்திருக்கிற ஆர்கேட் கேம் மிஷின்களின் பிழைப்பே காசு போடுவதில்தான் இருந்தது. ஒருவன் காசு போட்டால் அவனுக்கு உடனே ஏதாவது நடக்க வேண்டும், சீக்கிரம் ஆட்டம் முடியவும் வேண்டும், அடுத்தவன் காசு போட வேண்டும். தொண்ணூறு நிமிஷ ஃபுட்பாலை அப்படியே கொண்டுவந்தால் கடைக்காரர் பிழைக்க முடியாது. 1993இல் மிட்வே நிறுவனம் கொண்டுவந்த என்பிஏ ஜாம் என்ற பாஸ்கெட்பால் கேம்தான் இதில் பெரிய திருப்பம். பக்கத்துக்கு இரண்டே பேர், தள்ளுவதற்கு ஃபவுல் இல்லை, வீட்டுக் கூரை உயரத்துக்குத் தாவிக் கூடையில் பந்தைப் போடுவார்கள், ஒருவர் தொடர்ந்து மூன்று தடவை போட்டால் அவர் கையில் பந்து தீப்பற்றி எரியும். நிஜ விளையாட்டில் சலிப்பான இடங்களை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, கைத்தட்டல் விழுகிற இடங்களை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அதே நிறுவனம் அமெரிக்க ஃபுட்பாலுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் அதே மாதிரி கேம்கள் செய்தது.

ஜப்பானில் அதற்கும் முன்பே வேறொரு கிளை ஓடிக்கொண்டிருந்தது. டெக்னோஸ் என்ற நிறுவனத்தின் குனியோ கேம்கள். அதில் ஒன்று 1990இல் மேற்கே 'நிண்டெண்டோ வேர்ல்ட் கப்' என்ற பெயரில் வந்தது. குட்டையான, முரட்டுப் பள்ளிப் பையன்கள் ஃபுட்பால் ஆடுவார்கள். நாம் ஒரே ஒருவனைத்தான் ஓட்டலாம், மற்றவர்களுக்குப் பாஸ் கொடு, ஷாட் அடி என்று உத்தரவு போடலாம். நிறைய அடி வாங்கியவன் மயங்கி விழுந்து அப்படியே கிடப்பான். சூப்பர் ஷாட் உண்டு, ஆனால் எண்ணி வைத்துத்தான் தருவார்கள். இதே வரிசையில் 1993இல் வந்த அடுத்த ஃபுட்பால் கேம் திருட்டு கேசட்டுகளில் 'கோல் 3' என்ற பெயரில் உலகமெல்லாம் சுற்றியது. அந்தப் பெயரை இன்றைக்குச் சொன்னாலும் சிலருக்குப் பந்து வளைந்து திரும்பிப் போகிற அந்த ஷாட் ஞாபகம் வரும்.

இரண்டு கிளையும் வந்து சேர்கிற இடம் கனடாவின் வான்கூவர். அங்கே பிளாக் பாக்ஸ் என்ற நிறுவனம் 2002இல் 'சேகா சாக்கர் ஸ்லாம்' என்று ஒரு கேம் செய்தது. ஃபவுல் இல்லாத, கார்ட்டூன் ஆட்கள் ஆடுகிற ஃபுட்பால். அதே வருஷம் அதே ஊரில் நெக்ஸ்ட் லெவல் கேம்ஸ் தொடங்கியது. இவர்களின் முதல் கேம் 2003இல் வந்த 'என்எச்எல் ஹிட்ஸ் ப்ரோ', ஒரு ஐஸ் ஹாக்கி கேம். அடுத்து நிண்டெண்டோவுக்காக இவர்கள் செய்ததுதான் சூப்பர் மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ், அந்த 2005 முதல் கேம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மாரியோ ஸ்ட்ரைக்கர்ஸ் பார்க்க ஃபுட்பால், எலும்புக்கூடு ஐஸ் ஹாக்கி. ஹாக்கிக் களத்தைச் சுற்றிப் பலகைச் சுவர் இருக்கும், பந்துக்குப் பதில் இருக்கிற வட்டு அதில் பட்டுத் திரும்பும், அதனால் ஆட்டம் நிற்காது. பக்கத்துக்கு ஐந்து பேரும் ஒரு கோல் கீப்பரும். உடம்பால் இடிப்பது ஆட்டத்தின் சட்டப்படியான பகுதி, ஆளைச் சுவரோடு சேர்த்து இடிப்பார்கள். இதில் பலகையை எடுத்துவிட்டு மின்சார வேலி வையுங்கள், வட்டை எடுத்துவிட்டுப் பந்து வையுங்கள், ஸ்ட்ரைக்கர்ஸ் வந்துவிடும். இன்னும் ஒரு சுவாரசியம்: வட அமெரிக்காவில் 1978இல் தொடங்கிய உள்ளரங்க ஃபுட்பால் லீக், ஐஸ் ஹாக்கி அரங்கங்களிலேயே செயற்கைப் புல் விரித்து, அதே பலகைச் சுவருக்குள் ஆடப்பட்டது. பிறகு வந்த இன்னொரு உள்ளரங்க லீக்கில் தூரத்தில் இருந்து அடித்த கோலுக்கு 2, 3 புள்ளி என்றுகூடக் கணக்கு இருந்தது. ஆக, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தும் இரண்டு புள்ளி கோலும் கேம்காரர்கள் கற்பனையில் மட்டும் முளைத்ததல்ல. அந்தக் கண்டத்தில் நிஜ மனிதர்கள் வியர்வை சிந்தி ஆடிய ஆட்டம் அது.

நமக்கு ஐஸ் ஹாக்கி தெரியாது. ஆனால் சுவருக்குள் ஆடுகிற ஃபுட்பால் இப்போது நன்றாகவே தெரியும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற டர்ஃப் மைதானங்கள் வந்துவிட்டன. இரும்புக் கம்பம் நட்டு, நாலு பக்கமும் மேலேயும் நைலான் வலை கட்டி, ராத்திரியில் விளக்கு போட்டுவிடுகிறார்கள். ஷிஃப்ட் முடித்து வருகிற ஓசூர் பசங்க பத்துப் பேர் காசு பங்கு போட்டு ஒரு மணி நேரம் எடுக்கிறார்கள். பள்ளிக்கூட மைதானத்தில் ஆடிப் பழகியவன் முதல் தடவை டர்ஃபில் இறங்கினால் கொஞ்சம் தடுமாறுவான். பந்து வெளியே போய்விட்டது என்று நினைத்து நின்றுவிடுவான், அது வலையில் பட்டுத் தொங்கி அவன் பின்னாலேயே வந்து விழும், எதிராளி எடுத்துக்கொண்டு போய்விடுவான். பழகினவன் வேண்டுமென்றே வலையில் அடித்து, ஆளைச் சுற்றிக்கொண்டு ஓடித் தன் பாஸைத் தானே வாங்குவான். மூச்சு வாங்குவதற்கு இடமே கிடையாது, பெரிய மைதானத்தில் பந்து வெளியே போனால் கிடைக்கிற அந்தப் பத்து விநாடி ஓய்வு இங்கே இல்லை. காலுறையைக் கழற்றினால் கறுப்பு ரப்பர் துகள் கொட்டும். ஆஃப்சைடு யாரும் பார்ப்பதில்லை. நடுவரும் இல்லை.

நடுவர் இல்லாமல் எப்படி நடக்கிறது என்று கவனித்தால் ஸ்ட்ரைக்கர்ஸ் இன்னும் நன்றாகப் புரியும். ஒருவன் முரட்டுத்தனமாக ஆடினால் யாரும் விசில் ஊதுவதில்லை. அடுத்த பத்து நிமிஷத்துக்கு அவனுக்குப் பந்து வராது, இல்லையென்றால் அடுத்த வாரம் அவனைக் கூப்பிட மாட்டார்கள். விலை அங்கேயும் உண்டு. கேமில் அந்த விலையைப் பெட்டியாக வைத்து, அந்த இடத்திலேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வசூலிக்கிறார்கள்.

இனி ஆட்கள். ஏன் கார்ட்டூன் ஆட்கள்? பிரபலம் என்பது ஒரு காரணம்தான், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இருக்கிறது. நிஜ வீரர்களை வைத்து ஆடுகிற கேமில் யார் வேகம், யார் பலம் என்று தெரிய ஃபுட்பால் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் எண்களைப் படிக்க வேண்டும். மாரியோவின் பரம எதிரி பௌசரைப் பார்த்தால் எதையும் படிக்க வேண்டாம். முதுகில் முள் ஓடு, தொந்தி, கொம்பு. இடித்தால் விழுவோம், ஆனால் ஓடினால் பிடிக்க மாட்டான் என்று ஆறு வயசுக் குழந்தைக்கும் தெரியும். காளான் தலையன் டோட் குட்டியாக இருக்கிறான், அவன் வேகமாக ஓடுவான், இடித்தால் பறப்பான். பேட்டில் லீக்கில் பலம், வேகம், ஷாட், பாஸ், நுணுக்கம் என்று ஐந்து அளவுகோல் இருக்கின்றன. ஆனால் ஆளின் உருவமே பாதி சொல்லிவிடுகிறது. அதற்கு மேல் தலை, கை, உடம்பு, கால் என்று கவசம் வாங்கி மாட்டலாம், ஒன்று கூடினால் இன்னொன்று குறையும். பௌசரை ஓட வைக்கலாம், அப்போது அவன் வேறெதையாவது இழப்பான். இங்கேயும் விலைதான்.

கார்ட்டூன் என்பதால்தான் அடியும் தாங்குகிறது. மனித உருவத்தை இவ்வளவு மோசமாக வேலியில் அறைந்தால் பார்க்க முடியாது. வாரியோ அறைபட்டால் முடி நட்டுக்கொண்டு நிற்கும், கண் சுழலும், எழுந்து ஓடுவான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கவனித்துப் பேசுவதாகத் தெரியவில்லை. 2005இல் வந்த முதல் கேமிலேயே பீச், டெய்சி என்ற இரண்டு இளவரசிகளும் கேப்டன்கள். மாரியோவுக்கும் டாங்கி காங் என்ற குரங்குக்கும் சமமாக அதே களத்தில் இடித்து, இடிபட்டு ஆடினார்கள். ஃபிஃபா கேமில் பெண்கள் அணி வந்ததே 2015இல், ஃபிஃபா 16இல், அதுவும் பன்னிரண்டு தேசிய அணிகள், தனியாக. என் அக்கா மகள் எப்போதும் பீச்சைத்தான் எடுப்பாள். பீச்சின் ஹைப்பர் ஸ்ட்ரைக்கில் இதயம் இதயமாகப் பறக்கும், எதிராளிகள் மயங்கி நிற்பார்கள், பந்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு அவள் அண்ணனைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது தனி.

மூன்று கேமில் எது நல்லது என்ற சண்டை தீராதது. என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

முதல் கேம் எளிமையானது. ஒரு கேப்டன், அவனுக்குத் துணையாக ஒரே வகையைச் சேர்ந்த மூன்று பேர், கோலில் ஒரு முதலை. கேப்டன் மட்டும்தான் சூப்பர் ஸ்ட்ரைக் அடிக்கலாம், விழுந்தால் 2 புள்ளி. நடுவில் திடீரென்று பௌசர் மைதானத்துக்குள் வந்து தீயைக் கக்கி எல்லோரையும் ஒருவழி பண்ணிவிட்டுப் போவான். வேகமும் பாரமும் சரியாகக் கலந்த கேம் அது.

இரண்டாவது கேமில்தான் எல்லாவற்றையும் உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். கேப்டன்கள் பன்னிரண்டு. சில மைதானங்களின் ஓரத்தில் வேலியே கிடையாது, தள்ளினால் ஆள் கீழே விழுந்துவிடுவார். கேப்டன் மெகா ஸ்ட்ரைக் அடித்தால் பந்து ஆறு பந்து வரை பிரிந்து வரும், கோல் கீப்பர் பக்கம் இருக்கிறவர் வீ ரிமோட்டைத் திரையில் நீட்டி ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டும். ஒரே உதையில் ஆறு கோல் வரை. பார்க்க அவ்வளவு அமர்க்களமாக இருக்கும். ஆனால் எனக்கு இதில்தான் குறை. நாலு நிமிஷம் பாடுபட்டு 3-0 என்று வைத்திருக்கிறவன் ஒரு உதையில் தோற்றால், முன்னால் போட்ட மூன்று கோலுக்கும் மதிப்பு என்ன? பின்தங்கியவனுக்கு நம்பிக்கை வேண்டும், அது சரி. அந்த நம்பிக்கையின் அளவு முக்கியம். பேட்டில் லீக்கில் அதைத் திரும்பவும் 2க்குக் கொண்டுவந்தது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். இரண்டு கோல் பின்னால் இருக்கிறவன் சமன் செய்யலாம், நாலு கோல் பின்னால் இருக்கிறவன் உழைக்க வேண்டும். துணை ஆட்களை எடுத்துவிட்டு நாலு பேரையும் பெயர் உள்ள ஆட்களாக வைத்ததும் நல்லது. இப்போது யார் வேண்டுமானாலும் பெரிய உதையை அடிக்கலாம், அதனால் எதிரணி ஒருவனை மட்டும் காவல் காத்தால் போதாது.

பேட்டில் லீக்கின் குறை வேறு இடத்தில். வந்தபோது ஆட்கள் பத்தே பேர். மற்ற மாரியோ விளையாட்டு கேம்களோடு ஒப்பிட்டால் இது ரொம்பக் கம்மி. டெய்சி இல்லை என்று உலகம் முழுக்கச் சத்தம் போட்டார்கள். அப்புறம் இலவசமாக இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, 2022 டிசம்பருக்குள் பதினாறு ஆக்கினார்கள். டெய்சி ஜூலையிலேயே வந்துவிட்டாள். ஆனால் தனியாக ஆடுகிறவனுக்குக் கோப்பைப் போட்டிகள் சில இருக்கின்றன, அவற்றை முடித்தால் கொஞ்சம் கடினமாகத் திரும்ப ஆடலாம், அவ்வளவுதான். கதை இல்லை, வளர்ந்து போகிற ஒன்றும் இல்லை. இணையத்தில் இருபது பேர் வரை சேர்ந்து கிளப் வைத்து ஆடலாம், ஆனால் அதற்குத் தனிச் சந்தா. நேரத்தைத் துல்லியமாகப் பிடிப்பதில்தான் இந்த கேமே நிற்கிறது. இணையம் ஒரு கணம் தடுமாறினால் அந்தப் பாஸும் போச்சு, அந்த முள்ளும் போச்சு. இதையெல்லாம் மீறி முதல் மாதத்துக்குள் 19 லட்சம் பிரதிக்கு மேல் விற்றது என்றால், அது பக்கத்தில் ஆள் இருக்கிற வீடுகளை நம்பித்தான்.

இந்த கேம் பக்கத்தில் ஆள் உட்கார்ந்து ஆடுவதற்காகச் செய்தது. ஒரே ஸ்விட்சில் எட்டுப் பேர் வரை ஆடலாம், பக்கத்துக்கு நாலு. நம் ஊர்ப் பழக்கத்துக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. பிளேஸ்டேஷன் 2 வைத்த பிஎஸ்2 சென்டர் இருந்த காலத்தில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து நாலு பேர் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்தபோது, நாமாகவே ஒரு ஆர்கேட் விதியை வைத்திருந்தோம்: மேட்ச் நேரத்தைக் குறைத்து வை, தோத்தவன் எந்திரி, அடுத்தவன் உட்காரு. யாரும் சொல்லித் தரவில்லை. காசும் நேரமும் கம்மி, ஆள் அதிகம், அவ்வளவுதான் காரணம். நாலு நிமிஷ மேட்ச் என்பது அந்தக் கணக்குக்கு அப்படியே பொருந்தும்.

தடை எங்கே என்றால், கன்சோல், அதாவது கேம் கருவி, கிடைப்பதில். நிண்டெண்டோ தன் ஸ்விட்சை இந்தியாவில் முறையாக வெளியிடவே இல்லை. வெளிநாட்டில் இருந்து வருகிறவர் கையில் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் பெங்களூரில் இறக்குமதிச் சரக்கு விற்கிற கடையில் அவர் சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கம், அரூர், பென்னாகரம் பையனுக்கு அதுவும் இல்லை. கேம் மட்டுமே 60 டாலர், வந்தபோதைய மதிப்பில் ஏறக்குறைய 4,700 ரூபாய். வாரண்டி கிடையாது, ரிப்பேர் என்றால் தெரிந்த கைதான் துணை. ஐம்பது ரூபாய்க்கு ஒரு மணி நேரம் ஆடிய தலைமுறைக்கு இது பெரிய தொகை. மாரியோவை இத்தனை வருஷம் போலி கேசட்டில் வளர்த்த ஊர்களுக்கு அந்த நிறுவனம் இன்னும் நேரடியாக வந்து சேரவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

கையில் கிடைக்கிறவர்களுக்கு நடைமுறையாகச் சில விஷயம். ஸ்விட்சோடு வருகிற ஒரு ஜோடி ஜாய்-கானை, அதாவது கையில் பிடிக்கிற கன்ட்ரோலரைப், பிரித்துப் படுக்கை வசமாகப் பிடித்தால் உடனே இரண்டு பேர் ஆடலாம், மேற்கொண்டு எதுவும் வாங்க வேண்டாம். பெரியவர்கள் கைக்கு அது சின்னதாக இருக்கும், பழகிவிடும். எதிரெதிரே ஆடுவதைவிட முதலில் இரண்டு பேரும் ஒரே அணியில் சேர்ந்து கம்ப்யூட்டரோடு ஆடுங்கள், பாஸ் நேரம் அப்போதுதான் கைக்கு வரும். பயிற்சிப் பகுதி நீளமாக இருக்கும், பொறுமையாக முழுக்க முடித்துவிடுங்கள், ஏனென்றால் அதில் சொல்லித் தராத எதையும் மேட்சில் தானாகக் கண்டுபிடிப்பது கஷ்டம். தொடக்கத்தில் மாரியோவை எடுங்கள், அவன் எல்லாவற்றிலும் நடுத்தரம். கவசம் வாங்க அவசரப்பட வேண்டாம். பந்தில்லாதவனை அடிப்பதை ஒரு மேட்ச் முழுக்க விட்டுவிட்டு ஆடிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

தனியாக ஆடுகிறவர் என்றால் பேட்டில் லீக்குக்காகக் காசு செலவு செய்யாதீர்கள். ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது: 2025 ஜூலையில் அந்த 2005ஆம் வருஷத்து முதல் கேமையே நிண்டெண்டோவின் இணையச் சந்தாவுக்குள் பழைய கேம்க்யூப் கேம்களோடு சேர்த்துவிட்டார்கள். அதில் தொடங்குங்கள். பௌசர் மைதானத்துக்குள் வரும்போது மட்டும் பந்தைக் காலில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.